வெறும் சிரட்டையோடு அப்பாவை வென்ற கதை

நேற்று விடிய நம்முடைய பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ ஒருத்தி அனுப்பியிருந்தாள்: கடவுள் இருக்கிறார் என்பதற்குப் பத்துச் சான்றுகளாம், பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வருமாம். பத்தையும் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரமும் வாசித்தேன். ஒன்றுகூட என் அப்பாவுக்கு முன்னால் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்திருக்காது. சீச்சீ, இதையெல்லாம் அனுப்பி என் போனை ஏன் நிரப்புகிறீர்கள்? பத்து வேண்டாமடி பிள்ளைகளே, ஒன்று போதும். அந்த ஒன்று என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில், ஒரு வெறும் தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பிடித்தது. உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சீனி வியாதி. எழும்பி ஓடமாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன், இருந்து கேளுங்கள்.

அந்தத் தட்டுப்பாட்டு வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். கோதுமைப் பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை. நெருப்புப்பெட்டிக்கு மட்டும் வரிசை இல்லை, ஏனென்றால் நெருப்புப்பெட்டியே இல்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து வாவிக்கரைப் பக்கம் இறங்கினால் எங்கள் ஒழுங்கை. நாலே நாலு வீடு. அதற்கப்பால் ஒருபுறம் வயல், மறுபுறம் தண்ணீர். காலையில் வாவியிலிருந்து சேற்றுமணமும் பச்சை மீன்வாடையும் கலந்து வரும். அடுப்பு மூட்டவேண்டுமென்றால் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டு தணல் வாங்கிவந்து, தென்னம் பன்னாடையில் வைத்து ஊதவேண்டும். ஊதி ஊதியே எங்களுக்கெல்லாம் கன்னம் பெருத்தது.

என் அப்பா மணிக்கூடு திருத்துகிறவர். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மேசை போட்டிருந்தார். வலக்கண்ணில் ஒரு கறுப்புப் பூதக்கண்ணாடி, கையில் ஊசிமுனைச் சாமணம், பக்கத்தில் பல்லுப்பல்லாகச் சக்கரங்கள் நிறைந்த பிஸ்கற் தகரம். அந்தத் தகரத்தை வேறு யாரும் தொடக்கூடாது. மாலையில் வீட்டுக்கு வரும்போது கூடவே கொண்டுவருவார், காலையில் கொண்டுபோவார். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாருங்கள், அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்த வார்த்தை வருகிறது! கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஏனென்றால் அப்பாவுக்குக் கடவுள் இல்லை. சத்தம்போட்டுச் சொல்லமாட்டார், கேட்டால் சொல்லுவார். "காணாத சாமானை இரிக்கி எண்டு செல்ல எனக்கு வராது" என்பார். கட்சிக்காரர் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைப் படித்துக் கெட்டுப்போனார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பாவம் ஊர். அப்பா அந்தப் பிரசுரங்களில் மணிக்கூட்டுத் திருகாணிகளைத்தான் மடித்து வைப்பார். சக்கரங்களைப் பார்த்துப் பார்த்து, எதையும் திறந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்று பழகிப்போன மனிதர் அவர்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில்தான் கதவு திறக்கும். திறந்த அன்று பின்னேரமே நெல்லுக் குத்து. ஒவ்வொரு தாய்வழிக் குடியிலிருந்தும் பெரியபிள்ளையாகாத ஒரு பெண்பிள்ளை, குளித்து முழுகி, நோன்பிருந்து, அம்மனின் பொங்கலுக்கு உரலில் நெல்லுக் குத்தவேண்டும். அந்த வருடம் எங்கள் குடிக்கு நான். எனக்குப் பன்னிரண்டு. அடுத்த வைகாசிவரை என் உடம்பு பொறுத்திருக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. விட்டால் விட்டதுதான், பிறகு வாழ்நாள் முழுக்க வேலிக்கு வெளியே நின்று குரவை போடுகிற கூட்டத்தில்தான் எனக்கு இடம்.

இதில் ஒரு சிக்கல். குத்துகிற நெல்லைப் பிள்ளையின் மாமன் தலையில் சுமந்துவந்து உரலடியில் வைக்கவேண்டும். மாமன் இல்லாவிட்டால் தகப்பன். அம்மாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. கோயிலை நடத்துகிற வண்ணக்கர் வீட்டுக்கே வந்து முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"தகப்பன் சுமக்கணும். சுமக்காட்டி அடுத்த வீட்டுப் புள்ளைக்குக் குடுத்திருவம். புறகு குறை செல்லப்படா."

அம்மா அழுதா. நான் அழவில்லை, கத்தினேன். அப்பா பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லாத வீட்டுக்கு நான் ஏன் நெல்லுச் சுமக்கணும் மகள்?"

"அம்மன் இரிக்கிறா!"

"எப்படித் தெரியும்?"

நான் காலால் நிலத்தை உதைத்தேன். அப்போதுதான் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். "கதவு திறக்கிற நாளுக்கு முதல், நான் உடைக்க ஏலாத ஒரே ஒரு நியாயம் கொண்டு வா. கொண்டுவந்தா, மேல்சேட்டைக் கழட்டிட்டு, வேட்டி கட்டி, ஊர் பாக்க நெல்லைச் சுமந்து வாறன்." கதவு திறக்க ஒன்றரை மாதம் இருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்தில் நமக்குத் தையல் படிப்பித்த கன்னியாஸ்திரி சிஸ்டரிடம் போனேன். கல்லடியிலிருந்து பஸ்ஸில் வருவா, வெள்ளைச் சட்டையில் நீலப்பவுடர் மணக்கும். கேட்டதும் அவவுக்கு ஒரே சந்தோசம். "வயல் வரம்பில ஒரு மணிக்கூடு கிடக்குது எண்டு வைங்க. அது தானா முளைச்சது எண்டு சொல்லுவீங்களா? செய்தவர் ஒருத்தர் இருக்கணும்தானே? அப்ப இந்த உலகம்?" நான் ஓட்டமாக ஓடிவந்தேன். மணிக்கூட்டுக்காரரிடம் மணிக்கூட்டு நியாயம்! வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்பா சிரித்த சிரிப்பில் சாமணம் கீழே விழுந்தது. "மகள், ஒரு மணிக்கூட்டை ஒராள் செய்யிறல்ல. கம்பிச்சுருள் ஒருத்தன், கண்ணாடி ஒருத்தன், பல்லு வெட்ட இன்னொருத்தன். அப்ப உலகத்துக்கு எத்தினை கடவுள்? மற்றது, செய்தவன் ஒழுங்காச் செய்திருந்தா எனக்கு ஏன் இந்த மேசை?"

அடுத்தது வட்டை விதானை. எங்கள் பக்கத்து வயல்வெளி முழுவதற்கும் தண்ணீர் பிரித்து விடுகிறவர் அவர்தான். வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து கேட்டுவிட்டு, "நான் ஒராள் இல்லாட்டி இந்த வட்டையில ஒருத்தனுக்கொருத்தன் மண்வெட்டியத் தூக்குவான் புள்ள. மழைக்கும் வெயிலுக்கும் மேல ஒரு விதானை இல்லாமலா?" என்றார். அப்பா அதையும் விடவில்லை. "போன மாரியில மேட்டுவயல் காய, பள்ளவயல் அழுகிச்சே. மேல இருக்கிற விதானை அண்டைக்கு எங்க போனவர்?" என்றார். பள்ளவயலில் பாதி விதானையுடையது என்பதால் இந்தக் கேள்வியை நான் அவரிடம் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

மூன்றாவதை நானே கண்டுபிடித்தேன், கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது. ஈரத்தலையோடு ஓடிப்போய்ச் சொன்னேன்: "அப்பா, அம்மனை விட உசத்தி ஒண்டும் இல்லைதானே? இல்லாத அம்மனை விட இருக்கிற அம்மன் உசத்திதானே? அப்ப அம்மன் இரிக்கத்தானே வேணும்?" அப்பா சாமணத்தைக் கீழே வைத்தார்.

"கெட்டிக்காரி," என்றார். "இப்ப கண்ண மூடு. உலகத்திலேயே உசந்த மணிக்கூடு ஒண்டை நினை. பிழையே காட்டாது, நிக்கவே நிக்காது. நினைச்சிட்டியா?"

"ஓம்."

"இப்ப அதைப் பாத்து நேரம் என்னண்டு செல்லு."

நான் ஈரத்தலையோடு திரும்பிக் கிணற்றடிக்கே போய்விட்டேன்.

கடைசியாகப் பிடவைக்காரக் காக்கா, துணி விற்கிற முஸ்லிம் அண்ணன். காத்தான்குடியில் தறி வைத்திருந்தவர், சைக்கிளின் பின்னால் சாரமும் சேலையும் கட்டிக்கொண்டு கிழமைக்கொருமுறை வருவார். அவர் நின்று நிதானமாகச் சொன்னார். "மகள், இந்தச் சாரத்துக்கு ஒரு துவக்கம் இரிக்கி. துவக்கம் உள்ள எதுவும் தானாத் துவங்காது. இந்தத் துனியாவுக்கும் துவக்கம் இரிக்கி. அதைத் துவக்கினவன் ஒருத்தன். அவ்வளவுதான். அப்பாட்ட நான் சலாம் சென்னண்டு செல்லுங்க." இதற்கு அப்பா காக்காவையே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "சரி காக்கா. மணிக்கூடு மாதிரி உலகத்தைக் கடவுள் முறுக்கிவிட்டார். கடவுளை ஆர் முறுக்கிவிட்ட?" காக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அவனை ஆரும் முறுக்கத் தேவையில்ல" என்றார். "அது எப்படி?" என்றார் அப்பா. காக்கா சைக்கிளை எடுத்தார். போகும்போது என்னிடம் மெதுவாக, "பதில் இரிக்கி மகள், செல்லுற விதம்தான் எனக்கு வருதில்ல" என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவேயில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. ஒவ்வொரு பின்னேரமும் செருப்பைக் கழற்ற முதலே அப்பா கேட்பார், "இண்டைக்கு என்ன கொண்டு வந்த?" என்று. தோற்கப் பயந்த மனிதர் அப்படிக் கேட்பாரா? அந்த வயதில் எனக்கு அது ஏளனமாகத்தான் பட்டது. அம்மாவோ, தகப்பனும் மகளும் சேர்ந்து குடும்பத்தை நரகத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நேர்த்திக்குமேல் நேர்த்திக்கடன் வைத்தா. வண்ணக்கர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார், இந்த வாய்க்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று. கிடைத்தது. அதுவும் வண்ணக்கரின் சொந்தத்திலேயே. அதை விடுங்கள்.

கதவு திறக்க நாலு நாள் இருந்தது. அன்று அப்பா முதல் பஸ்ஸில், தேத்தண்ணிகூடக் குடிக்காமல், கம்பிச்சுருள் வாங்க மட்டக்களப்பு டவுனுக்குப் போய்விட்டார். அம்மா எழும்பிப் பார்த்தால் அடுப்பில் தணல் இல்லை. வழமையாக விடியற்காலையில் சாம்பலுக்குள் கிடக்கும். முதல்நாள் பின்னேரம், நாங்கள் மாமி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரியிடம் எடுத்த தணல்தான் மூடிக் கிடந்து தப்பியிருக்கிறது என்று அம்மாவுக்கு நினைப்பு. அன்று வெறும் சாம்பல்.

"மாமிட்டப் போய் ரெண்டு தணல் வாங்கி வா புள்ள."

சிரட்டையோடு பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன். "எங்கால எனக்கு? நான் தையல்காரியிட்ட இருந்துதான் எடுக்கிற. அவள்ட அடுப்பும் இண்டைக்கு நூந்து சாம்பலாக் கிடக்காம்." தையல்காரம்மாவிடம் போனேன். வாயில் ஊசி. ஊசியை எடுத்துவிட்டு, "எனக்கு மூலை வீட்டாள்தான் தாறவள். அவளிட்டக் கேளு" என்றா. மூலை வீட்டு அக்காவிடம் போனேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"என்ன புள்ள பகிடியா? நான் நெடுகலும் உங்கட அம்மாட்டத்தானே எடுக்கிற! விடியவே வந்து கேட்டன், இல்ல எண்டு அனுப்பிட்டா."

ஒழுங்கையின் நடுவில் வெறும் சிரட்டையோடு நின்றேன். நாங்கள் மாமியிடம், மாமி தையல்காரம்மாவிடம், தையல்காரம்மா மூலை வீட்டில், மூலை வீட்டு அக்கா எங்களிடம். நாலு வீடும் இரவல் வீடு. அப்படியென்றால் நேற்றுவரை நாலு வீட்டிலும் சோறு வெந்தது எப்படி? வெயில் ஏறுகிறது, பசி வயிற்றைக் கிள்ளுகிறது, எனக்கோ சந்தோசத்தில் உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. வீட்டுக்குப் போகாமல் பஸ் வருகிற பக்கம் பார்த்துக் வேலிக் கடப்படியிலேயே குந்தியிருந்தேன். மத்தியானம் ஒழுங்கை முழுவதும் பழஞ்சோறுதான்.

பின்னேரம் அப்பா வந்தார். "இண்டைக்கு என்ன கொண்டு வந்த?"

சிரட்டையை நீட்டினேன்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே."

"ஓம், ஒண்டுமில்ல. நாங்க மாமிட்ட எடுக்கிற, மாமி தையல்காரம்மாட்ட, அவ மூலை வீட்டில, மூலை வீட்டக்கா எங்களிட்ட. எல்லாரும் இரவல்காரர் எண்டா இந்த ஒழுங்கைக்கு நெருப்பு எங்கால வந்த?"

"அதுதான் செல்றியே, சுத்திச் சுத்தி வந்திருக்கும்."

"சுத்தினா வெறும் சிரட்டைதான் சுத்தும் அப்பா! நாலு வீடில்ல, நாலாயிரம் வீடு எண்டாலும் வெறும் சிரட்டைதான். எங்கயோ ஒரு இடத்தில இரவல் வாங்காத நெருப்பு இரிக்கி. நான் காணல்ல. ஆனா இரிக்கி."

அப்பாவின் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. இவளை மடக்கிவிட்டேன் என்ற குறும்பு. பிஸ்கற் தகரத்தைத் திறந்து, சக்கரங்களை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து என் சிரட்டைக்குள் போட்டார்.

"இந்தா, உன்ட கடவுள். ஸ்பிரிட் விளக்குக்கு எண்டு ஒளிச்சு வெச்சிரிக்கன். விடியக்காலையில தேத்தண்ணிக்கு ஒரு குச்சி கிழிக்கிற. அந்தத் தணல்தான் நாலு வீட்டையும் சுத்துற. இண்டைக்குக் கிழிக்கல்ல, அவ்வளவுதான். ஒரு அம்மனும் இல்ல."

நான் துள்ளிய துள்ளலில் சிரட்டை பறந்தது. "அப்ப இருந்திச்சு! நான் காணாமலே சென்னன், இருந்திச்சு! காணாததை இரிக்கி எண்டு செல்லப்படா எண்டு நீங்கதானே சென்ன?"

நான் விடவில்லை. நெருப்புப்பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இதுக்கு ஆர் தணல் குடுத்த?"

"அதுக்கேன் குடுக்கணும்? அது தன்பாட்டில பத்தும்."

சொல்லி முடிக்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது. நான் காக்காவை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப கடவுளை ஆர் முறுக்கிவிட்ட எண்டு காக்காட்ட ஏன் கேட்டீங்க? முறுக்கிவிட ஆள் தேவைப்பட்டா அதுவும் இன்னொரு இரவல் வீடுதானே!"

நெருப்புக்குச்சியையும் ஒரு தொழிற்சாலையில் யாரோ செய்தார்கள்தானே என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்குமோ தெரியாது. ஆனால் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. குசினி அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டா.

"நெருப்புப்பெட்டியை ஒளிச்சு வெச்சுக்கொண்டா புள்ளைய ஒழுங்கை ஒழுங்கையா அலைய விட்டீங்க? நான் ஊதி ஊதிக் கண் அவிஞ்சு போறன்! நீங்க ஒரு மனிசனா?"

மாமியும் தையல்காரம்மாவும் மூலை வீட்டு அக்காவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பழஞ்சோறு தின்றவர்களின் பார்வை. அம்மா அடங்கியபிறகு அப்பா கடைசியாக ஒன்று கேட்டார்.

"ஒரு பெட்டி இரிக்கி எண்டு காட்டிட்டாய், சரி. அது அந்தக் கோயிலுக்குள்ள சீலை கட்டிக்கொண்டு இரிக்கிற அம்மன்தான் எண்டு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியா," என்றேன். "கதவு திறக்கட்டும். பாத்துட்டு வந்து செல்றன்."

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டி, மணிக்கூட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நெல்லைப் புடைச்சு வை. தோத்துட்டன்" என்றார்.

என் இளைய மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள். இந்த நியாயத்தை உலகத்தின் பெரிய பெரிய தலைகள் எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள், இதற்குப் பெரிய பெயர்கூட இருக்கிறது என்றாள். இருக்கட்டும். அவர்களில் யார் பழஞ்சோறு தின்றுகொண்டு கண்டுபிடித்தது?

நாலாம் நாள் பின்னேரம் அப்பா வேட்டி கட்டி, வெறும் மேலோடு, நெல்லுப் பெட்டியைத் தலையில் வைத்து எங்கள் ஒழுங்கையிலிருந்து கோயில்வரை நடந்தார். சனம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. நான் முன்னால், தோய்த்த தலையோடு, மஞ்சள் மணக்க, ஊரே எனக்குச் சொந்தம் என்பதுபோல நடந்தேன். கோயில் வாசலில் வண்ணக்கர் சத்தமாகச் சொன்னார், "பாத்தியளா! அம்மன் இழுத்துட்டா!"

அப்பா நெல்லை இறக்கி வைத்தார். "அம்மன் இல்ல வண்ணக்கர். மகள் இழுத்தவ. வாக்குக் குடுத்தன், தோத்தன், வந்தன்."

கதவு திறந்தது. ஒரு வருட இருட்டு, வௌவால் மணம், பழைய எண்ணெய்மணம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வாயைத் துணியால் கட்டியிருந்த கப்புகனார், எங்கள் பூசாரி, விளக்கேற்ற உள்ளே போனார். வண்ணக்கர் மாதக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்த நெருப்புப்பெட்டி வாவிக்காற்றில் ஈரம் குடித்திருந்தது. ஒரு குச்சி, இரண்டு குச்சி, பத்துக் குச்சி. ஒன்றும் பற்றவில்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எல்லாரும் இரவல்காரர்.

அப்பா மடியை அவிழ்த்து நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

"அது சரிவராது," என்றார் வண்ணக்கர். "நம்பாதவன்ட பெட்டியால அம்மனுக்கு விளக்கா?"

கப்புகனாருக்கு வாய் கட்டியிருக்கிறது, பேசமுடியாது. அவர் வண்ணக்கரைப் பார்க்கவுமில்லை. இருட்டுக்குள்ளிருந்து கையை மட்டும் அப்பாவை நோக்கி நீட்டினார். அப்பா கொடுத்தார். ஒரே கிழிப்பு. விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அம்மனின் முகத்தை நான் கண்டேன். கண்டதும் அழுகை வந்தது, ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உரலடியில் உலக்கையை எடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா நெல்லைக் கொட்டும் சாக்கில் குனிந்து என் காதோடு சொன்னார்.

"இப்ப செல்லு மகள். ஆர் ஆருக்கு நெருப்புக் குடுத்த?"

மனிதர் நாலு நாளாக இப்படியொரு வாய்ப்புக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்! ஆனால் நானும் அவருடைய மகள்தானே.

"நெருப்பைக் கொண்டுவந்த நீங்க. உங்களைக் கொண்டுவந்த நான். என்னைக் கொண்டுவந்த ஆர் அப்பா?"

அவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பறை முழங்கியது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரவை போட்டார்கள். நான் உலக்கையை ஓங்கிக் குத்தினேன். அப்பாவின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது, சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை. என்ன சொன்னீர்கள் என்று பிறகும் நான் கேட்கவில்லை.